காகிதமா, உப்பு மாவா, சோடாக் களிமண்ணா, நூலா: பண்டிகைக்கு வீட்டில் சேர்ந்து செய்ய எது பொருந்தும்?

பண்டிகைக்கான தோரணங்களையும் தொங்கல்களையும் இந்த முறை கையாலேயே செய்துவிடலாம் என்று வீட்டில் முடிவெடுத்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது: எதை வைத்துச் செய்வது? பலரும் படத்தில் பார்த்த அழகை வைத்துப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலை தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் ‘இனி காய்ந்த பிறகுதான் அடுத்தது’ என்று வந்து நிற்கிறது. பிள்ளைகள் எழுந்து விளையாடப் போகிறார்கள். மீதி வேலை முழுவதும் இரவில் ஒருவர் தலையில் விழுகிறது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, செய்து முடிப்பதற்குள் எத்தனை முறை காத்திருக்க வேண்டும் என்பது. அடுத்து, வீட்டில் இருப்பவர்களின் கைகள்: மூன்று வயதுக் கையா, ஊசி பிடிக்கத் தெரிந்த கையா, மூட்டு வலியோடு இருக்கும் கையா? மூன்றாவது, செய்தது அடுத்த ஆண்டுக்கும் வேண்டுமா, இல்லை பண்டிகை முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடலாமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பொருள் தானாகவே முடிவாகிவிடும். அழகு எல்லாவற்றிலும் வரும். நேராக வெட்டி ஒரே அளவில் செய்தால் சாதாரணத் தாள்கூடக் கண்ணைக் கவரும்.

காகிதம்

காய்வதற்கான காத்திருப்பே இல்லாத பொருள் காகிதம். காலையில் உட்கார்ந்தால் மாலையில் சுவரில் தொங்கும். கத்தரிக்கோல், பசை, ஸ்டேப்ளர் இருந்தால் போதும். அடுப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இரண்டே நாள் கைவசம் இருக்கும் வீட்டுக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்வோம்.

எளிதானது வளையச் சங்கிலி. ஏ4 தாளை அதன் குறுகிய பக்கத்துக்கு இணையாக 2.5 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டினால், ஒரு தாளில் 21 செ.மீ. நீளமுள்ள 11 பட்டைகள் கிடைக்கும். ஒன்றரை செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படும்படி ஒட்டினால் வளையத்தின் விட்டம் 6 செ.மீ. அளவுக்கு வரும். 3 மீட்டர் சங்கிலிக்கு ஏறக்குறைய 50 வளையங்கள், அதாவது 5 தாள்கள். எத்தனை மீட்டர் வேண்டும் என்று முதலில் சுவரை அளந்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டால் நடுவில் நிறத்தாள் தீர்ந்துபோகாது.

குறுகிய பக்கத்துக்கு இணையாக வெட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காகிதத்தில் இழைகள் ஒரு திசையாக ஓடும். அந்தத் திசையோடு ஒத்து வளைத்தால் தாள் மென்மையாகச் சுருளும், எதிர்த்து வளைத்தால் முரண்டுபிடிக்கும், தடித்த தாளாக இருந்தால் மேல்பரப்பு வெடிக்கும். பெரும்பாலான ஏ4 தாள்களில் இழை நீளவாக்கில் ஓடுவதால், குறுக்கே வெட்டிய பட்டை அழகான வட்டமாக நிற்கும். சந்தேகம் இருந்தால் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் குறைவாக எதிர்க்கிறதோ அதுதான் வளைக்க வேண்டிய பக்கம்.

தாளின் கனமும் முக்கியம். அச்சுப் பொறிக்குப் போடும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் செய்த சங்கிலி மறுநாளே துவண்டு நீள்வட்டமாகிவிடும். 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரை உள்ள தாள் வடிவத்தைப் பிடித்து நிற்கும். 200-ஐத் தாண்டினால் சின்னப் பிள்ளைகளின் கத்தரிக்கோல் திணறும். பசையும் பிடிப்பதற்குள் விட்டுவிடும். பசைக்குச்சியில் ஒட்டினால் ஒவ்வொரு வளையத்தையும் 15, 20 நொடியாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் பிடிக்காது. வளையம் திறந்துகொள்ளும், பிள்ளைக்கு அழுகை வரும். பிள்ளை வளைத்துப் பிடிக்க, பெரியவர் ஸ்டேப்ளர் அடிப்பது நல்ல ஏற்பாடு. வெள்ளைத் திரவப் பசையில் தண்ணீர் அதிகம் என்பதால் மெல்லிய தாள் நெளிந்துவிடும். சங்கிலிக்கு அது வேண்டாம்.

கொஞ்சம் பெரிதாக, பார்ப்பவர்கள் ‘இதை எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்கும்படி ஒன்று வேண்டுமென்றால் ஆறு இதழ் நட்சத்திரம் செய்யுங்கள். 15 செ.மீ. சதுரத் தாள்கள் ஆறு எடுங்கள். ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, அதை இன்னொரு முறை பாதியாக மடியுங்கள். இப்போது மூன்று ஓரங்களில் இரண்டு மடிப்பு ஓரங்கள், நீளமான ஒன்று மட்டும் திறந்த ஓரம். அந்தத் திறந்த ஓரத்துக்கு இணையாக, ஒரு மடிப்பில் தொடங்கி மறு மடிப்புக்கு 5 மி.மீ. முன்னால் நிற்கும்படி மூன்று வெட்டுகள் போடுங்கள். மூன்றும் ஒரே மடிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். விரித்தால் சதுரத்துக்குள் சதுரமாகத் தெரியும். நடுச் சதுரத்தின் இரண்டு முனைகளையும் குழல்போலச் சேர்த்து ஒட்டுங்கள். தாளைத் திருப்பி அடுத்த சதுரத்தின் முனைகளைச் சேருங்கள். மறுபடி திருப்பி அடுத்தது. இப்படி மாறி மாறிப் போனால் ஓர் இதழ் முடியும். ஆறு இதழ்களையும் அடிமுனையில் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து, பக்கவாட்டில் தொடும் இடங்களிலும் ஒவ்வொரு பின் போட்டால் 40 செ.மீ. அகலத்துக்கு நட்சத்திரம் நிற்கும்.

இதில் தவறு நடப்பது இரண்டே இடத்தில். வெட்டு மறு மடிப்பு வரை போய்விட்டால் தாள் துண்டுதுண்டாகக் கையில் வரும். வெட்டும் முன் பென்சிலில் ஒரு எல்லைக் கோடு போட்டுவிட்டால் இது நடக்காது. ஒவ்வொரு முறையும் தாளைத் திருப்ப மறந்தால் எல்லாக் குழல்களும் ஒரே பக்கம் குவிந்து, இதழ் முறுக்கே இல்லாமல் தட்டையாக நிற்கும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரண்டாவது இதழிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

காகிதத்தின் குறை அதன் ஆயுள். சாயத்தாள் வெயில்படும் சன்னலில் சில வாரங்களில் வெளுத்துவிடும். க்ரேப் தாளில் ஈரம் பட்டால் சாயம் சுவரில் இறங்கும். அந்தக் கறை போகாது. காகித அலங்காரம் இருக்கும் பக்கம் மெழுகுவத்தியோ சூடாகும் பழைய வகைப் பல்போ வேண்டவே வேண்டாம், எல்இடி விளக்கு மட்டும் போதும்.

உப்பு மாவு

ஒரே ஒரு வகைதான் செய்ய முடியும், ஆனால் பிள்ளைகளின் கைவண்ணம் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும் என்றால் உப்பு மாவுதான் எங்கள் தேர்வு. உள்ளங்கைப் பதிவு, விரல்ரேகைப் பூ, எழுத்து, நட்சத்திரம் என எதையும் தாங்கும். ஆனால் இதற்கு இரண்டு அமர்வுகள் கட்டாயம் வேண்டும்: ஒரு நாள் செய்து ஓவனில் காயவைக்க, இன்னொரு நாள் வண்ணம் தீட்ட. வார்னிஷ் அடித்துக் காய மூன்றாம் நாளும் போகும். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பாவது தொடங்க வேண்டும்.

அளவு: 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் முதல் 1 கப் தண்ணீர். தராசு இருந்தால் எடையில் போவது நல்லது: 250 கிராம் மைதாவுக்கு 290 கிராம் தூள் உப்பு. கல்லுப்பைக் கப்பில் அளந்தால் கற்களுக்கு இடையில் காற்று இருப்பதால் உப்பு குறைந்துவிடும். அதோடு கற்கள் கரையாமல் நின்று, காய்ந்த பிறகு பரப்பு அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் ஆகும். கல்லுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் மிக்ஸியில் பொடித்து எடையில் போடுங்கள். ஏற்கெனவே சோடா கலந்த, சூட்டில் தானாகப் பொங்கும் மாவும் (செல்ஃப் ரெய்சிங் மாவு) வேண்டாம். ஓவனில் அது உப்பி நட்சத்திரம் பன்னாகிவிடும்.

தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முக்கால் கப் ஊற்றிப் பிசைந்துவிட்டு, உதிர்ந்தால் மட்டும் ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேருங்கள். 8 முதல் 10 நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். இந்தப் பிசைதலில்தான் மைதாவின் பசைத்தன்மை எழுந்து உப்பைப் பிடித்துக்கொள்கிறது; இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்ட மாவு தேய்க்கும்போது ஓரங்களில் வெடிக்கும். வீட்டில் கை வலு உள்ள ஒருவருக்கு இது நல்ல வேலை. பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு 20 நிமிடம் மூடிவையுங்கள். அதற்குப் பிறகு தேய்த்தால் சுருங்கிப் பின்வாங்காது.

பட்டர் பேப்பர் மேலேயே வைத்து 6 மி.மீ. கனத்துக்குத் தேயுங்கள். இருபுறமும் 6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு மரச் சட்டங்களை வைத்து, பூரிக்கட்டையின் முனைகள் அவற்றின்மேல் உருளும்படி தேய்த்தால் யார் தேய்த்தாலும் கனம் ஒன்றாகவே வரும். கனம் சீராக இல்லையென்றால் மெல்லிய பக்கம் முதலில் காய்ந்து சுருங்கி, தடித்த பக்கத்தை இழுத்து வளைத்துவிடும். 4 மி.மீ.க்குக் கீழே போனால் நட்சத்திரத்தின் முனைகள் உடையும். 7 செ.மீ. வட்டமாக வெட்டினால் இந்த அளவு மாவில் 20 அளவில் கிடைக்கும். வெட்டிய பிறகு துண்டைத் தூக்கி இடம் மாற்றாமல் சுற்றியுள்ள மாவை மட்டும் எடுத்துவிட்டு, பட்டர் பேப்பரோடு தட்டுக்கு மாற்றுங்கள். தூக்கினால் வட்டம் நீள்வட்டமாகும்.

கயிறு கோக்கும் துளையை ஸ்ட்ராவால் போடுங்கள், ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே. ஓரத்தை ஒட்டிப் போட்ட துளை பாரம் தாங்காமல் பிய்ந்துவிடும். துளை 5, 6 மி.மீ. இருக்கட்டும், காயும்போது கொஞ்சம் சுருங்கும். பெயரும் ஆண்டும் பின்பக்கத்தில் பல்குச்சியால் ஈரமாவிலேயே கீறிவிடுங்கள். மேலே பேனாவில் எழுதியது வார்னிஷ் பட்டுக் கலங்கலாம், கீறியது அப்படியே நிற்கும்.

இனி ஓவன். இங்கேதான் அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கிறது. முதல் ஒரு மணி நேரம் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ், பிறகு 110-இல் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். எடுத்த எடுப்பில் 150-இல் வைத்தால் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே உள்ள தண்ணீர் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகத் தூக்கும். மைக்ரோவேவிலும் இதே கதிதான். ஒவ்வொன்றையும் பாதி நேரத்தில் திருப்பிப் போடுங்கள். அப்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள்: நடுவில் சாம்பல் நிறத்தில் ஈர வட்டம் ஒன்று தெரியும், ஓரம் வெளுத்திருக்கும். அந்த வட்டம் முழுவதும் வெளுக்கும்வரை காய்ந்து முடியவில்லை என்று அர்த்தம். முடிந்ததும் நகத்தால் தட்டினால் ‘டக்’ என்று கணீரென்று கேட்கும். ஈரம் மிஞ்சியிருந்தால் சத்தம் அமுங்கும். ஓவனை அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்துக் குளிர்ந்த மேடையில் வைத்தால் விரிசல் விடும்.

வண்ணத்துக்கு அக்ரிலிக் பெயின்ட். பள்ளிப்பிள்ளைகளின் வாட்டர் கலரில் தீட்டினால் அதிலுள்ள தண்ணீர் மேல்பரப்பு உப்பைக் கரைத்து, காய்ந்ததும் வண்ணத்தின் மேல் வெள்ளைப் பூப் பூக்கும். பெயின்ட் முழுவதும் காய்ந்த பிறகு வார்னிஷ் இரண்டு பூச்சு: முன், பின், விளிம்பு, துளையின் உட்புறம். துளையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். எனவே ஆண்டின் பெரும்பகுதி புழுக்கமும் ஈரமுமாக இருக்கும் ஊரில், எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் உப்பு மாவுக்கு நீண்ட ஆயுளை எதிர்பார்க்க வேண்டாம். அப்படிப்பட்ட வீடுகளுக்கு அடுத்துச் சொல்வது பொருந்தும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: வீட்டில் நாய் இருந்தால் உப்பு மாவைத் தவிர்த்துவிடுங்கள். பச்சையாகவோ சுட்டதாகவோ ஒரு துண்டைத் தின்றால்கூட அதிலுள்ள உப்பு நாயின் உடலுக்கு நஞ்சாகும். வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை போகும். மாவின் மணத்துக்கு அது தேடி வரும். உயரத்தில் தொங்கவிட்டாலும் விழுந்த துண்டு தரையில்தான் கிடக்கும். அப்படித் தின்றுவிட்டால் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சோடாக் களிமண்

2 கப் சமையல் சோடா, 1 கப் கார்ன்ஃப்ளார், ஒன்றேகால் கப் தண்ணீர். எடையில் ஏறக்குறைய 450 கிராம், 125 கிராம், 300 மி.லி. மூன்றையும் குளிர்ந்த நிலையில் கட்டியில்லாமல் கரைத்து, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில நிமிடம் பால்போலவே இருக்கும், ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். பிறகு அடியில் திரள ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் இறுகிவிடும். கார்ன்ஃப்ளாரின் மாவுச்சத்து 60, 70 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி வீங்கிப் பசையாவதுதான் இதற்குக் காரணம்; களிமண்ணைப் பிடித்து நிறுத்துவதும் அந்தப் பசையே. மசித்த உருளைக்கிழங்கு பதத்தில், பாத்திரத்தில் ஒட்டாமல் வரும்போது உடனே இறக்குங்கள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் தண்ணீர் வற்றி, தேய்க்கும்போது உதிரும். இறக்கியதும் ஈரத்துணி போட்டு மூடி ஆறவிட்டு, பிறகு வழவழப்பாகும்வரை பிசையுங்கள்.

அடுப்பு வேலை முழுவதும் பெரியவருடையது. ஆறிய பிறகு பிள்ளைகளிடம் கொடுக்கலாம். உப்பு மாவைவிட இது மிக வழவழப்பு. நிறமோ பளீரென்ற வெள்ளை, வண்ணமே தீட்ட வேண்டியதில்லை. இலை, லேஸ் துணி, நூல் எதை அழுத்தினாலும் நுணுக்கமாகப் பதியும். 5, 6 மி.மீ. கனத்தில் தேய்த்து வெட்டி, 80 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிக் காயவைக்கலாம். ஓவன் இல்லாவிட்டால் நிழலில் ஒன்றிரண்டு நாள், ஆறு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் போட்டு. வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து கிண்ணம்போல் வளையும். ஓவனை இதைவிட அதிகமாகச் சூடாக்கினால் சோடா சிதைந்து வாயு வெளிவிடும், பரப்பில் குமிழி வரும், வெண்மை மங்கும்.

வாங்கும்போது கவனம்: பேக்கிங் பவுடர் இதற்கு உதவாது. அதில் புளிப்புப் பொருள் சேர்ந்திருப்பதால் தண்ணீர் பட்டவுடன் நுரைத்துவிடும், களிமண் பஞ்சாகும். இன்னொரு குறை, காய்ந்தபின் முனைகள் எளிதில் சிலும்பும். ஐந்து முனை நட்சத்திரத்தைவிட வட்டம், இலை, மணி போன்ற கூர்மை இல்லாத வடிவங்கள் இதற்கு ஏற்றவை. சின்ன விரிசலை அதே களிமண்ணில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து அடைத்து, காய்ந்ததும் நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். நாயும் பூனையும் சோடாவையும் தின்னக் கூடாது. ஆனால் மாவின் மணம் இல்லாததால் அவை இதைத் தேடி வருவது குறைவு.

கடையில் கிடைக்கும் ஓவன் வேண்டாத களிமண் வேலை குறைவானது. ஆனால் பிசைவதும் கிளறுவதும் இல்லாமல் போனால் ஒன்றாகச் செய்யும் நேரத்தில் பாதி போய்விடும். நேரமே இல்லாதபோது மட்டும் அதைப் பாருங்கள்.

ஆரஞ்சு வில்லைகள்

கண்ணாடி சன்னலில் வெளிச்சம் பின்னாலிருந்து படும்போது உலர்ந்த ஆரஞ்சு வில்லைக்கு ஈடு இல்லை. ஆனால் இது குடும்பமாகச் செய்யும் வேலை என்று சொல்ல முடியாது. வெட்டுவது ஒருவர், பத்து நிமிடம். பிறகு ஓவன் பக்கத்தில் ஒருவர் 3 முதல் 4 மணி நேரம். கோக்கும்போதுதான் மற்றவர்களுக்கு வேலை.

6 மி.மீ. வில்லையாக, கூரான கத்தியால் வெட்டுங்கள். ஒரு பழத்தில் உருப்படியாக 7, 8 தேறும். துணியால் இருபுறமும் ஒற்றி ஈரம் எடுத்து, கம்பித்தட்டில் பரப்பி, 90 முதல் 95 டிகிரியில் வைத்து, அரைமணிக்கொரு முறை திருப்புங்கள். முதல் இரண்டு மணி நேரம் திருப்பத் தவறினால் சாறு அடியில் தேங்கிக் கருகும். நடுச்சதையைத் தொட்டால் ஒட்டாமல், ஆனால் கொஞ்சம் வளையும் நிலையில் எடுத்து, வெளியில் கம்பித்தட்டிலேயே ஒரு நாள் விட்டால் மீதி ஈரமும் போகும். பழச்சர்க்கரை ஈரத்தை இழுக்கும் என்பதால் மழை நாட்களில் பிசுபிசுக்கும். பூஞ்சை பிடித்தால் துடைத்துப் பயனில்லை, எறிந்துவிட வேண்டியதுதான். இதை ஒரு பருவத்துக்கான அலங்காரம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

ஃபெல்ட்டும் நூல் பந்தும்

பல ஆண்டு உழைப்பது எது என்றால் துணிதான். விழுந்தால் உடையாது, ஈரத்தில் கரையாது, நாய் நக்கினாலும் பயமில்லை (விழுங்கவிடக் கூடாது, அவ்வளவே). நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியின் வெட்டிய ஓரம் பிரியாது என்பதால் மடித்துத் தைக்க வேண்டாம். 1.5 மி.மீ. கனமுள்ள ஃபெல்ட்டில் ஒரே வடிவமாக இரண்டு துண்டு வெட்டி, ஆறு இழை எம்பிராய்டரி நூலில் மூன்றிழையைப் பிரித்தெடுத்து, ஓரத்தில் 4, 5 மி.மீ. இடைவெளியில் தைத்து, கடைசி 3 செ.மீ. மூடும் முன் பஞ்சு அடைத்து முடிப்பது. நூலை 45 செ.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். நீளமான நூல் துணியில் உரசி உரசி முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். பஞ்சைச் சிறு சிறு துணுக்காக முனைகளில் முதலில் அடையுங்கள். மொத்தமாக அடைத்தால் நடு மட்டும் புடைத்து முனைகள் காலியாகத் துவளும்.

ஒன்று முடிக்கப் பழகிய கைக்கே ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே பத்து ஃபெல்ட் தொங்கல் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே தொடங்கி, மாலையில் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தைப்பதுதான் வழி. எடுத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போகலாம், எதுவும் காய்ந்துவிடாது. பேச்சும் கையும் சேர்ந்து ஓடும் வேலை இது. தாத்தா பாட்டியும் வளர்ந்த பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

ஊசி பிடிக்காத கைகளுக்கு நூல் பந்து. நான்கு விரலைச் சேர்த்து அதில் உல்லன் நூலை 80 முதல் 100 சுற்று சுற்றி, விரலிலிருந்து கழற்றி நடுவில் இறுகக் கட்டி, இருபுற வளைவுகளையும் வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலால் உருண்டையாகச் சீவ வேண்டும். கட்டுவதற்கு அதே உல்லன் நூலைப் பயன்படுத்தினால் இறுக்கி இழுக்கும்போது அறுந்துவிடும், பயந்து லேசாகக் கட்டினால் ஒரு வாரத்தில் இழை இழையாக உதிரும். கெட்டியான பருத்தி நூலால் இரண்டு முறை சுற்றிக் கட்டுங்கள். 60 சுற்றோடு நிறுத்தினால் நடுவில் வழுக்கை தெரியும். சீவச் சீவத்தான் அடர்த்தி வரும் என்பதால் நான்கில் ஒரு பங்கு நூல் குப்பைக்குப் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு எது

பண்டிகைக்கு மூன்று நாளுக்குள்தான் இருக்கிறது: காகிதம், நூல் பந்து. வேறு எதையும் தொடாதீர்கள். ஒரு வாரம் இருக்கிறது, ஓவன் இருக்கிறது, காற்று வறண்டது, நாய் இல்லை: உப்பு மாவு. ஊர் ஈரமானது அல்லது ஓவன் இல்லை: சோடாக் களிமண், வெள்ளையும் பச்சையும் கலந்த அமைதியான அலங்காரம் பிடித்தவர்களும் இதையே எடுக்கலாம். ஒரு மாதம் இருக்கிறது, பெரியவர்களே அதிகம் இருக்கிறார்கள்: ஃபெல்ட். ஆரஞ்சு வில்லையை இவற்றில் ஏதாவதொன்றுக்குத் துணையாக மட்டும் சேருங்கள்.

ஒரே அமர்வில் இரண்டு பொருள் வேண்டாம் என்பது பொதுவான பேச்சு. எங்கள் எண்ணம் வேறு. உப்பு மாவு ஓவனில் இருக்கும் இரண்டரை மணி நேரத்தில் அதே மேசையைத் துடைத்துவிட்டுக் காகிதச் சங்கிலிக்கு உட்காருங்கள். காத்திருப்பு நிரம்பிவிடும், யாரும் எழுந்து போக மாட்டார்கள். பலரும் கேட்கும் கேள்விக்கு ஒரே பதிலாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இந்த இணையைத்தான் சொல்வோம்: நிறைவான தோற்றத்துக்குக் காகிதம், எடுத்துவைக்க உப்பு மாவு.

வேலையைப் பிரிக்கும்போது ஒவ்வொருவருக்கும் முழு வேலை ஒன்றைக் கொடுங்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை அச்சு அழுத்தலாம், வளையங்களை நிறவாரியாக அடுக்கிக் கொடுக்கலாம். துளை போடும் வேலை அதற்குப் பெரிய பெருமை. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குச் சங்கிலியும் நூல் சுற்றுவதும். எட்டுக்கு மேல் நட்சத்திரம் வெட்டலாம், தைக்கலாம். விரல் மூட்டு வலிக்கும் பெரியவருக்குக் கத்தரிக்கோல் வேலை வேண்டாம், பஞ்சு அடைப்பதும் கயிறு கோப்பதும் சரி. கண் மங்கியவருக்கு மாவு பிசைவதில் எந்தத் தடையும் இல்லை. ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் சின்னவர்கள் சோர்ந்துவிடுவார்கள். பிள்ளை செய்த கோணல் நட்சத்திரத்தைப் பெரியவர் நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்தினால் அடுத்ததை அந்தப் பிள்ளை செய்யாது.

தொங்கவிடும்போது பாரத்தைப் பாருங்கள். 7 செ.மீ. உப்பு மாவு வட்டம் ஒன்று 20 முதல் 30 கிராம் இருக்கும். அலங்கார மரத்தில் மெல்லிய கிளை நுனியில் போட்டால் வளைந்து நழுவிவிடும், தண்டை ஒட்டிப் போடுங்கள். நூல் பந்தும் ஆரஞ்சும் நுனிக்கு. காகிதச் சங்கிலியை இரண்டு மீட்டருக்கு மேல் தாங்கலில்லாமல் விட்டால் அதன் பாரமே வளையங்களை இழுத்துத் தட்டையாக்கும். ஒன்றரை மீட்டருக்கொரு ஆணி அல்லது ஒட்டும் கொக்கி வேண்டும்.

எடுத்துவைக்கும் நாளில் உப்பு மாவுத் தொங்கல்களை ஒவ்வொன்றாக மெல்லிய தாளில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு மேலே வையுங்கள், அடியில் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் நேராகச் சுற்றினால் வார்னிஷ் வெப்பத்தில் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி ஃபெல்ட்டாக இருந்தால் அந்துப்பூச்சி அண்டாத மூடிய டப்பா. கயிறுகளைக் கழற்றாமல் ஒவ்வொன்றையும் அதன் தொங்கலைச் சுற்றியே வைத்துவிட்டால் அடுத்த முறை சிக்கெடுக்கும் வேலை மிச்சம்.